எரியாத விளக்கில் சேமிப்பு இல்லை: தெருவிளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்ற ஒரு நகராட்சி நிதி திரட்டிய விதம்

நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டின் உள்மாவட்டம் ஒன்றில் உள்ள நகராட்சி இது. விசைத்தறியும் நூற்பாலையும் சார்ந்த ஊர். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே தேவையில்லை. எரிசக்தித் தணிக்கைக் குழுவில் ஒருவனாக 2018 இறுதியிலிருந்து இந்தப் பணியோடு இருந்தேன். அந்த அடிப்படையில் எழுதுகிறேன்.

தமிழக நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கவுன்சிலர்கள் கிடையாது. ஆணையரே தனி அலுவலராக இருந்து மன்றத் தீர்மானத்துக்குரிய முடிவுகளையும் எடுத்தார். இந்தத் திட்டம் பிறந்தது அந்தக் காலத்தில். முடிவு விரைவாக வந்ததற்கும், 2022க்குப் பிறகு கேள்விகள் வரிசையாக வந்ததற்கும் இதுவே காரணம்.

நகராட்சிக்கு மின்கட்டணம் பெரும் சுமை. குடிநீர் ஏற்றும் மோட்டார்களுக்கு அடுத்தபடியாகத் தெருவிளக்குக்குத்தான் அதிகம் போனது. அப்போது உள்ளாட்சித் தெருவிளக்குக்கான தாழ்வழுத்தக் கட்டணம் யூனிட்டுக்கு 6 ரூபாய் 35 காசு. சிறு தெருக்களில் பெரும்பாலும் 40 வாட் டியூப் லைட். பிரதான சாலைகளில் 250 வாட் சோடியம் வேப்பர். பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு வாங்கிய கடனின் தவணை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. சொத்து வரி வசூல் சுமார்தான். விளக்கை மாற்றவேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கேள்வியெல்லாம் எந்தப் பணத்தில் மாற்றுவது என்பதுதான்.

முதலில் வந்த முன்மொழிவு

தனியார் எரிசக்திச் சேவை நிறுவனம் ஒன்று, எஸ்கோ என்று சொல்வார்களே அந்த வகை, தானாக வந்து திட்டம் ஒன்றைக் கொடுத்தது. விளக்குகள் முழுவதையும் தன் செலவில் மாற்றும். மிச்சமாகும் மின்கட்டணத்தில் 80 சதவீதத்தை ஏழு ஆண்டுகளுக்கு எடுத்துக்கொள்ளும். மீதி 20 சதவீதம் நகராட்சிக்கு. நகராட்சி ஒரு ரூபாயும் முதலீடு செய்யவேண்டாம்.

கணக்கு எளிமையாக இருந்தது. 40 வாட் டியூப் லைட் சோக்கின் இழப்பையும் சேர்த்து சுமார் 52 வாட் இழுக்கும். அந்த இடத்தில் 20 வாட் எல்.இ.டி. வைத்தால் விளக்குக்கு 32 வாட் மிச்சம். இரவுக்கு 11 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 4,015 மணி. 100 விளக்குக்கு ஆண்டுக்கு 12,848 யூனிட். பணமாக 81,585 ரூபாய். இதை விளக்குகளின் எண்ணிக்கையால் பெருக்கிவிட்டால் திட்ட அறிக்கை தயார்.

ஆணையருக்குப் பிடித்திருந்தது. நகராட்சிப் பொறியாளர்தான் கையெழுத்துக்கு முன் ஒரு தணிக்கை வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். இந்த நிகழ்வில் ஊருக்கு நடந்த மிகப் பெரிய நன்மை அந்தப் பிடிவாதம்தான் என்பது என் முடிவு.

இரவுக் கணக்கெடுப்பில் கண்டது

நகராட்சிப் பதிவேட்டில் விளக்குகளின் எண்ணிக்கை இருந்தது. கம்பங்களுக்கு எண் இல்லை. எனவே மின்பணியாளர்களோடு வார்டு வார்டாக இரவில் நடந்தே எண்ணினோம். ஒவ்வொரு கம்பத்திலும் மூன்றே கேள்விகள்: விளக்கு என்ன வகை, எரிகிறதா, எந்த சர்வீஸிலிருந்து, அதாவது எந்த மின் இணைப்பிலிருந்து, மின்சாரம் வருகிறது.

சிறு தெருக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு விளக்கு எரியவில்லை. சிலவற்றில் டியூப் போயிருந்தது, சிலவற்றில் சோக். சில இடங்களில் டியூப்பைத் தாங்கும் பட்டி மட்டும் தொங்கியது. நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடிந்து பெண்கள் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு திரும்பும் தெரு ஒன்றில் தொடர்ச்சியாக ஐந்து கம்பங்கள் இருட்டாக இருந்தன. செல்போன் வெளிச்சத்தில் நடந்து போனார்கள்.

அடுத்து மீட்டர் பெட்டிகளைத் திறந்தோம். தெருவிளக்கு சர்வீஸ் பெட்டி துருவேறி, கதவு கம்பியால் கட்டப்பட்டிருக்கும். உள்ளே ஒரு மீட்டர், ஒரு பியூஸ், கையால் போடும் சுவிட்ச். பல பெட்டிகளில் மீட்டர் நின்றுபோயிருந்தது. ஒயரைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டரை மாட்டினால் ஆம்பியர் காட்டுகிறது. மீட்டரில் எண் நகரவில்லை. அத்தகைய சர்வீஸ்களுக்குப் பழைய சராசரியை வைத்துத்தான் பில் வந்துகொண்டிருந்தது. எங்களோடு வந்த மூத்த வயர்மேன் பொறியாளரிடம் சொன்னார்: "சார், இந்த லைன்ல பாதி லைட்டு எரியாது. ஆனா பில்லு மட்டும் அதே தொகைதான் வரும். நாளைக்கு எல்.இ.டி. போட்டாலும் அதேதான் வரும்."

முழுத் திட்டத்தின் ஓட்டையும் அந்த ஒரு பேச்சில் இருந்தது. மீட்டர் நின்ற சர்வீஸில் எந்த விளக்கைப் போட்டாலும் பில் குறையாது. ஆனால் வாட் கணக்கில் சேமிப்பைக் காட்டும் ஒப்பந்தத்தில் நிறுவனத்துக்குப் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

எரியாத விளக்குகளைக் கணக்கில் சேர்த்தபோது நிலைமை இன்னும் தெளிவானது. 100 டியூப் லைட்டில் 25 எரியவில்லை என்றால், இன்றைய உண்மைச் செலவு 75 விளக்குக்கு 3,900 வாட். எல்.இ.டி. போட்டால் 100ம் எரியும். 2,000 வாட் ஆகும். உண்மையான மிச்சம் 1,900 வாட். நிறுவனம் காட்டிய 3,200 அல்ல. ஆண்டுக்குச் சுமார் 7,628 யூனிட். பணமாக 48,441 ரூபாய். ஆனால் ஒப்பந்தப்படி, காகிதத்தில் உள்ள 81,585 ரூபாயில் 80 சதவீதமான 65,268 ரூபாயை நகராட்சி கொடுக்கவேண்டும். பில்லில் குறைவது 48,441. கையிலிருந்து போவது 65,268. முதலீடே வேண்டாம் என்ற திட்டத்தில், நூறு விளக்குக்கு ஆண்டுதோறும் 16,827 ரூபாய் நகராட்சி பொதுநிதியிலிருந்து கூடுதலாக எடுத்துத் தரவேண்டிவந்திருக்கும். அதுவும் ஏழு ஆண்டுகளுக்கு.

நிறுவனம் ஏமாற்றியது என்று சொல்லமாட்டேன். பதிவேட்டில் இருந்ததை எடுத்துப் பெருக்கினார்கள். எண்ணிப் பார்க்கவேண்டியது ஊரின் பொறுப்பு.

இன்னொன்றும் கவனத்துக்கு வந்தது. சேமிப்பில் பங்கு என்ற முறையில், போட்ட எல்.இ.டி. கெட்டுப்போய் எரியாமல் நின்றால் அது மீட்டரில் சேமிப்பாகவே தெரியும். இருட்டான தெரு நிறுவனத்துக்கு நட்டமில்லை, சொல்லப்போனால் இலாபம். இதை ஆணையரின் அறையில் எடுத்துச் சொன்னபோது கணக்கு அலுவலர் முன்மொழிவை மூடி வைத்துவிட்டார்.

பணத்துக்கான வழிகள்

கூட்டத்தில் நான்கு வழிகள் பேசப்பட்டன.

தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் போன்ற அரசு சார்ந்த நிதி அமைப்பிடம் கடன் வாங்குவது முதல் வழி. 2002ல் 13 சிறிய உள்ளாட்சிகளின் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்காக 30.41 கோடி ரூபாய்க்கு ஒரே பத்திரமாகத் திரட்டித் தந்த அனுபவம் அந்த நிதியத்தின் வழியே தமிழகத்துக்கு உண்டு. வட்டியும் நியாயமாக இருக்கும். ஆனால் பாதாளச் சாக்கடைக் கடன் ஓடும்போது இன்னொரு தவணையைத் தாங்க இடமில்லை என்றார் கணக்கு அலுவலர். அதோடு அந்த வழி அடைபட்டது.

இரண்டாவது, மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனங்கள் கூடி உருவாக்கிய ஈ.ஈ.எஸ்.எல். என்ற எரிசக்திச் சேவை நிறுவனத்தின் வழி. 2015 ஜனவரி 5ல் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தில் அந்த நிறுவனம் தானே முதலீடு செய்து விளக்குகளை மாற்றி, பொதுவாக ஏழு ஆண்டுத் தவணையில் உள்ளாட்சியிடம் திரும்பப் பெறுகிறது. 2014 அக்டோபரில் ஹூட்ஹூட் புயல் தாக்கிய விசாகப்பட்டினத்தில் 90,000க்கும் மேற்பட்ட விளக்குகள் இப்படித்தான் மாறின. பிற்காலத்தில் நாடு முழுக்க இந்த எண்ணிக்கை 1.3 கோடியைத் தாண்டியது. மொத்தமாக வாங்கியதால் எல்.இ.டி. விலை இறங்கியது என்பது இத்திட்டத்தின் உண்மையான சாதனை. அதே நேரம், பல மாநிலங்களில் உள்ளாட்சிகள் தவணையைக் கட்டாமல் நிலுவை பெருகியதும் உண்மை. விளக்கு மாறியது, பில் குறைந்தது. குறைந்த பணம் பொதுநிதியில் விழுந்து சம்பளத்துக்கும் குப்பை வண்டி டீசலுக்கும் போய்விட்டது. தவணை நாள் வரும்போது கணக்கில் பணமில்லை.

மூன்றாவது, தனியார் நிறுவனத்தோடு சேமிப்புப் பங்கு. இதற்கு முன்னோடியாக மகாராஷ்டிரத்தின் அகோலா மாநகராட்சியைச் சொன்னார்கள். 2007ல் அங்கே 11,500க்கும் மேற்பட்ட விளக்குகள் டி5 என்ற, குறைந்த மின்சாரத்தில் எரியும் மெல்லிய குழல்விளக்குக்கு மாற்றப்பட்டன. முதலீடு முழுவதும் நிறுவனத்துடையது. ஆறு ஆண்டு ஒப்பந்தம். சரிபார்க்கப்பட்ட சேமிப்பில் 95 சதவீதம் நிறுவனத்துக்கு. மின்செலவு 56 சதவீதம் குறைந்தது. நல்ல முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் போட்ட முதலீடு 11 மாதத்துக்குள் திரும்பிவிடும் என்ற அளவுக்கு அங்கே சேமிப்பு இருந்தது. அப்படியொரு திட்டத்தில் 95 சதவீதத்தை ஆறு ஆண்டுக்குக் கொடுப்பது எனக்கு அதிக விலையாகத் தெரிகிறது. சொந்தப் பணம் கொஞ்சம் இருந்தால் பேரம் எவ்வளவு மாறும் என்பதற்கு அகோலா நல்ல பாடம். எங்கள் முடிவில் அது பெரும்பங்கு வகித்தது.

நான்காவது, சொந்த நிதி. வார்டு வார்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது. ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்பதால் ஆணையர் விரும்பவில்லை.

எடுத்த முடிவும் காரணமும்

ஒரே வழியில் போகவில்லை. விளக்கின் வகையைப் பார்த்துப் பணத்தின் வகையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பிரதான சாலையின் 250 வாட் சோடியம் விளக்கு சோக்கோடு சேர்த்து 280 வாட் இழுக்கும். 120 வாட் எல்.இ.டி. போதும். விளக்குக்கு ஆண்டுக்கு 642 யூனிட். 4,079 ரூபாய் மிச்சம். அன்றைய விலையில் போட்ட பணம் இரண்டு ஆண்டுக்குள் திரும்பிவிடும். இவ்வளவு விரைவாகத் திரும்பும் பணத்தில் பிறருக்குப் பங்கு தரத் தேவையில்லை. எனவே பிரதான சாலைகள் சொந்த நிதியில், முதல் கட்டமாக.

சிறு தெருக்களின் கதை வேறு. எரியாத விளக்குகளைக் கழித்துப் பார்த்தால் விளக்குக்கு ஆண்டுக்கு 484 ரூபாய்தான் மிச்சம். டியூப், ஸ்டார்ட்டர், சோக் வாங்கும் செலவு நிற்பதைச் சேர்த்தாலும், புது விளக்கின் விலையும் பராமரிப்பும் இதிலிருந்து முழுதாக வராது. தெருக்கள் முன்பைவிட வெளிச்சமாகப் போகின்றன. அந்த வெளிச்சத்துக்கு ஒரு விலை உண்டு, அதைச் சேமிப்பு என்ற பெயரில் மறைக்கக் கூடாது என்பது பொறியாளரின் வாதம். ஆணையர் ஏற்றுக்கொண்டார். எனவே சிறு தெருக்களுக்கு ஒப்பந்தப்புள்ளி மூலம் தனியார் நிறுவனம். ஆனால் முதலீட்டில் ஒரு பகுதியை, பிரதான சாலைகளில் மிச்சமான பணத்திலிருந்து நகராட்சியே முன்கூட்டித் தரும். மீதி ஆறு ஆண்டுத் தவணையில்.

அந்தப் பணம் பொதுநிதியில் கரைந்துவிடாமல் இருக்கத் தெருவிளக்குக்கென்று தனி வங்கிக் கணக்கு திறக்கப்பட்டது. மாற்றுவதற்கு முந்தைய பில்லுக்கும் இப்போதைய பில்லுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு முறை பில் கட்டும்போதும் அந்தக் கணக்குக்கு மாற்றவேண்டும் என்று உத்தரவு போடப்பட்டது. நிறுவனங்கள் சொத்து வரிக் கணக்கையே பிணையாகக் கேட்டிருந்தன. அதற்குப் பதில், இரண்டு காலாண்டுத் தவணை எப்போதும் இந்தத் தனிக் கணக்கில் இருக்கும் என்ற உறுதி தரப்பட்டது. கொஞ்சம் முணுமுணுப்புக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார்கள். பிரதான சாலைகளின் சேமிப்பு அந்தக் கணக்கை ஏற்கெனவே நிரப்பத் தொடங்கியிருந்ததால் அந்த உறுதிக்கு மதிப்பு இருந்தது.

ஒப்பந்தத்தில் மூன்று விதிகளை முக்கியமாகக் கருதுகிறேன். ஒன்று, பணம் சேமிப்பின் பங்காக இல்லாமல் எரியும் விளக்குக்கான நிலையான தொகையாக வைக்கப்பட்டது. மாதம் ஒரு முறை இருதரப்பும் சேர்ந்து இரவில் எண்ணவேண்டும். புகார் வந்து 48 மணி நேரத்துக்குமேல் எரியாத விளக்குக்குப் பிடித்தம். இரண்டு, விளக்கின் வாட் அளவைப் பொருத்தும்போதே டாங் டெஸ்டர் வைத்துச் சரிபார்க்கவேண்டும். மூன்று, மின்கட்டணம் ஏறினாலும் இறங்கினாலும் தவணை மாறாது. கட்டண உயர்வால் கூடும் சேமிப்பு நிறுவனத்தின் உழைப்பால் வருவதல்ல; அது ஊருக்கே சேரவேண்டும் என்று கணக்கு அலுவலர் எழுதச் சொன்னார்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், நின்றுபோன மீட்டர்களை மாற்றும் வேலை. மின் விநியோக அலுவலகத்துக்குக் கடிதம், கட்டணம், நினைவூட்டல் என்று அது மாதக்கணக்கில் நீண்டது. அதுவரை எல்.இ.டி. வேலை தொடங்கவில்லை.

பொருத்தும் பணி

பிரதான சாலைகள் 2019ல் முடிந்தன. சிறு தெருக்களின் வேலை தொடங்கியதும் 2020 மார்ச் ஊரடங்கு வந்தது. சரக்கும் ஆளும் நின்றன, சொத்து வரி வசூலும் படுத்தது. தனிக் கணக்கில் கைவைக்கலாமே என்ற பேச்சு அப்போது எழுந்தது. ஆணையர் மறுத்துவிட்டார். பணி 2021ல் முடிந்தது.

நடந்தது என்ன

பிரதான சாலைகளின் பில் எதிர்பார்த்த அளவுக்குக் குறைந்தது. அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

சிறு தெருக்களில் முதல் மழைக்காலத்திலேயே சிக்கல். ஒரு பகுதியில் நியூட்ரல் ஒயர் (மின்னோட்டம் திரும்பிச் செல்லும் ஒயர்) அறுந்து, ஒரே இரவில் வரிசையாக விளக்குகளின் டிரைவர்கள், அதாவது எல்.இ.டி.க்கு மின்சாரத்தை ஒழுங்குபடுத்தித் தரும் உள்சுற்றுகள், எரிந்துபோயின. 10 கிலோவோல்ட் சர்ஜ் பாதுகாப்பு வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஆனால் சர்ஜ் பாதுகாப்பு இடி மின்னலின் நொடிநேரத் துடிப்புக்கானது. நியூட்ரல் அறுந்து மணிக்கணக்கில் 400 வோல்ட் வரை ஏறி நிற்பதற்கு அது காப்பாகாது. அந்தச் செலவு யாருடையது என்று இரண்டு மாதம் கடிதப் போக்குவரத்து. கடைசியில் பாதிப் பாதி. அதன்பின் ஒவ்வொரு மீட்டர் பெட்டியிலும் மிகை மின்னழுத்தத்தில் தானாகத் துண்டிக்கும் கருவி வைக்கப்பட்டது. பழுது பெருமளவு நின்றது.

2022 மார்ச்சில் புதிய மன்றம் பொறுப்பேற்றது. முதல் சில கூட்டங்களிலேயே, தாங்கள் இல்லாத காலத்தில் ஆறு ஆண்டுக்குக் கையெழுத்து எப்படிப் போட்டீர்கள் என்று கவுன்சிலர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இரவு எண்ணிக்கைப் பதிவேடும் தனிக் கணக்கின் பாஸ்புக்கும் மன்றத்தில் வைக்கப்பட்டன. நூறு விளக்குக் கணக்கைப் பொறியாளர் பலகையில் எழுதிக் காட்டினார். ஒப்பந்தம் தொடரட்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. பெண் கவுன்சிலர் ஒருவர் மாதாந்திர இரவு எண்ணிக்கையில் தன் வார்டுக்குத் தானே வருவதாகச் சொன்னார், வந்தார். அவருக்குப் பிறகு மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். எண்ணிக்கை அதன்பிறகு ஒரு மாதமும் தவறவில்லை.

அதே மன்றத்திலிருந்துதான் அடுத்த சிக்கலும் வந்தது. வார்டுக்கு வார்டு புது விளக்கு கேட்டார்கள், போடப்பட்டன. மீட்டரில் யூனிட் ஏறியது. சேமிப்பு குறைகிறது என்று தணிக்கைக் குறிப்பு வந்தது. கம்பங்களுக்கு எண்ணும் புது விளக்குக்குத் தேதியும் வாட் அளவும் பதிவேட்டில் இருந்ததால், ஏறியது எவ்வளவு, அது எந்தக் கம்பங்களால் என்று காட்ட முடிந்தது. பதிவேடு இல்லாதிருந்தால் அந்தப் பழி நிறுவனத்தின் மீதோ பொறியாளர் மீதோ விழுந்திருக்கும்.

2022 செப்டம்பர் 10ல் தமிழகத்தில் மின்கட்டணம் உயர்ந்தது. உள்ளாட்சிகளின் பில்லும் கூடியது. நிலையான தவணை விதியால் உயர்வின் பலன் முழுவதும் தனிக் கணக்கிலேயே சேர்ந்தது. சேமிப்பில் பங்கு என்ற பழைய முன்மொழிவு நிறைவேறியிருந்தால் அதில் ஐந்தில் நான்கு பங்கு வெளியே போயிருக்கும்.

ஆலைப் பெண்கள் நடக்கும் தெருவில் விளக்குகள் எல்லாம் எரிந்தன. ஆனால் இரண்டு கம்பங்களுக்கு நடுவே இருட்டு மிச்சமிருந்தது. கம்பங்கள் தொலைவில் நிற்கும் இடத்தில் 20 வாட் விளக்கு அடியில் மட்டும் பளிச்சென்று காட்டும், வெளிச்சம் பரவாது. அங்கே 35 வாட் போட்டார்கள். சேமிப்பு குறைந்தது. சரியான முடிவு.

மாற்ற வேண்டியவை

மீட்டர் மாற்றும் வேலையைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே வைத்து, அதற்கான பணத்தையும் மதிப்பீட்டில் சேர்க்கவேண்டும். இங்கே அது தனிக் கோப்பாக ஓடியதால் பல மாதங்கள் வீணாயின. மீட்டர் சரியான பிறகு குறைந்தது மூன்று மாதமாவது பழைய விளக்குகளோடே அளந்து, அந்த அளவை இருதரப்பும் கையெழுத்திட்டு அடிப்படையாக வைப்பது நல்லது.

விளக்கின் வாட் அளவைப் பதிவேட்டைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. கம்ப இடைவெளி, சாலை அகலம், இரவில் யார் நடக்கிறார்கள் என்பதைப் பார்த்துத் தெருவாரியாகத் தீர்மானிக்கவேண்டும். ஒரே அளவை ஊர் முழுக்கப் போடுவது கொள்முதலுக்கு வசதி, அவ்வளவுதான்.

நியூட்ரல் அறுவது நம் ஊர்களில் அரிதல்ல. அந்தப் பொறுப்பு யாருடையது என்பது முதல் நாளே ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். பெட்டியில் துண்டிப்புக் கருவியும் முதல் நாளே இருக்கவேண்டும்.

மன்றம் இல்லாத காலத்தில் நீண்ட ஒப்பந்தம் போட நேர்ந்தால், மன்றம் வந்த ஆறு மாதத்துக்குள் அதை மறுபரிசீலனை செய்யலாம், விலகினால் நிறுவனத்துக்குத் தரவேண்டிய தொகை இவ்வளவு என்ற விதி வேண்டும். இங்கே தீர்மானம் சுமுகமாக நிறைவேறியது, எல்லா ஊரிலும் அப்படி நடக்காது.

இன்னும் தீராத ஒன்று: ஆறாம் ஆண்டு முடிவில் விளக்குகள் நகராட்சிக்கு வரும். எரியும், ஆனால் ஒளி மங்கியிருக்கும். எவ்வளவு ஒளியோடு ஒப்படைக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இல்லை. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் கொண்டு இப்போதே ஆண்டுக்கு ஒரு முறை குறித்த தெருக்களில் அளக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கடைசித் தவணைக்கு முன் அந்த அளவுகளை வைத்து நிறுவனத்தோடு பேசவும், தவணை முடிந்தபின்னும் தனிக் கணக்கை மூடாமல் டிரைவர் மாற்றும் செலவுக்கு வைத்துக்கொள்ளவும் மன்றம் முடிவு செய்துள்ளது.